சருவதேச நீதிநூல் கண்ட குரோஷியஸ்

உயர்தர வகுப்பிலே தமிழும் வரலாறும் பயின்று, பின்னர்ச் சட்டக்கல்வியை நாடிச் செல்ல விழையும் மாணவர் ஆண்டுதோறும் நம்மிடம் வந்து ஒரு வினாவை விடுப்பதுண்டு. இலக்கியம் கற்றவன் சட்டம் கற்கப் புகுந்தால் முன்னர்க் கற்றவை யாவும் வீணாய்ப் போகுமோ என்பதே அவ்வினா. அவருள் ஒருவர், நாட்டுச் சட்டத்தினும் நாடுகளுக்கிடையே வழங்கும் நீதியையே பட்டப்படிப்பிலே சிறப்பாகக் கற்க எண்ணியிருப்பதாகவும், அத்துறையை வகுத்தவர் யாவர் என அறிய விரும்புவதாகவும் கூறினார். அவருக்கு வாய்மொழியாகச் சொன்னவற்றையே இம்மலரிற் சிறிது விரித்தெழுதுகின்றோம்.

ஹியூகோ குரோஷியஸ் என உலகம் அறிந்த அப்பெரியார் 1583 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 10 ஆந் திகதி ஒல்லாந்து தேசத்து டெல்ஃப்ட் நகரிலே பிறந்தார். ஒல்லாந்தர் ஸ்பானிய மன்னனின் ஆட்சியை உதறிப் போர்புரிந்துகொண்டிருந்த காலம் அது. விடுதலைப் போரின் தலைவனாகிய ஒரேஞ்சு வில்லியம் அந்நகரிலேயே கொலையுண்டபொழுது குரோஷியஸ் ஒரு வயதுக் குழந்தை. தந்தையார் நகரபிதாவாக விளங்கியவர். லெய்டன் சர்வகலாசாலையின் பரிபாலகருள் ஒருவராயும் இருந்தவர். அச்சர்வகலாசாலையோ 1575 இல் எழுந்த புதுக் கலைக்கோயில். அங்கே குரோஷியஸ் மாணவராகச் சேர்ந்தபொழுது வயது பதினொன்று.

பதினொரு வயதுச் சிறுவன் அங்கு எதனைக் கற்றான் என்பதே நம் மாணவர் கவனித்தற்குரியது. சட்டம் அன்று, கிரேக்கமும் இலத்தீனும், வரலாறும் தத்துவமும். அக்காலத்து ஐரோப்பாவிலே பழநூற் பதிப்பிலும் கால ஆராய்ச்சியிலும் ஒப்பாரில்லாத ஸ்காலிகர் என்னும் பேராசிரியர் அவருக்கு ஆசானாய் வாய்த்தார். பழஞ்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங் கண்டு பதிப்பிக்கும் பணியை அவ்வாசானிடம் பயின்ற மாணவர், 1599 இல் பழைய இலத்தீன் நூலொன்றைத் தாமே பதிப்பித்து வெளியிட்டார். நம் நாவலர் பெருமானையும் தாமோதரம்பிள்ளை அவர்களையும் அறிந்த நமக்கு அப்பணியின் அருமை சொல்லாமலே விளங்கும். இதற்கிடையில், 1598 இல், ஒல்லாந்தின் முதுபெரும் இராசதந்திரியாகிய ஓல்டன்பார்னவெல்ட் என்பாரின் தூதுக்குழுவுடன் பிரான்சுக்குச் சென்றார். நான்காம் ஹென்றி மன்னன் அவரது கல்வியைக் கண்டு ஒல்லாந்தின் அற்புதமென வியந்ததாகச் சொல்வர். அவ்வாண்டிலேயே ஓர்லியன் நகரிலே சட்டக் கலாநிதிப் பட்டமும் பெற்றார். மறு ஆண்டு, பதினாறு வயதில், ஹேக் நகரிலே நியாயவாதியாய் அமர்ந்தார்.

இனி, இளம் நியாயவாதியின் முதற்பெரும் வழக்கைச் சொல்வாம். அது நம் கீழைக்கடலில் விளைந்த வழக்கு. 1603 ஆம் ஆண்டு பெப்ரவரி 25 ஆந் திகதி, சிங்கப்பூருக்கு அணித்தாய கடலிலே, சாந்தா கத்தரீனா என்னும் போர்த்துக்கேயப் பெருங்கப்பலை ஹேம்ஸ்கெர்க் என்னும் ஒல்லாந்தக் கடற்றலைவன் கைப்பற்றினான். சீனப் பட்டும் பீங்கானும் நிறைந்த அக்கப்பலின் சரக்கு ஆம்ஸ்டர்டாமில் முப்பது இலட்சம் கில்டருக்கு மேல் விலைபோயிற்று. 1602 இல் தோன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி பெரும்பொருள் பெற்றது. எனினும் பங்காளர் சிலருக்கு மனம் உறுத்திற்று. வாணிகத்துக்குச் சென்றவர் பிறர் கப்பலைக் கவர்தல் கொள்ளையன்றோ என்று அவர் ஐயுற்றனர். அவ்வையத்தைத் தீர்க்கும்படி கும்பனி குரோஷியஸை வேண்ட, அவர் கொள்ளைப்பொருட் சட்டம் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். அதன் பன்னிரண்டாம் அத்தியாயம் மாத்திரம் 1609 இல் ஆசிரியர் பெயரின்றிச் சிறுநூலாக வெளிவந்தது. கட்டற்ற கடல் என்று பொருள்படும் இலத்தீன் பெயர்கொண்ட அச்சிறுநூலே அவரை உலகறியச் செய்தது.

அந்நூலின் வாதம் எளியது. காற்றை ஒருவன் கைக்கொண்டு தனதென வேலியிட இயலாதவாறு போலக் கடலையும் இயலாது. ஆகவே அது எல்லாருக்கும் பொது. கீழைத்தேயங்களைக் கண்டுபிடித்தோம் எனப் போர்த்துக்கேயர் உரிமை கொண்டாடல் பொருந்தாது. அங்கு முன்னரே அரசரும் ஆட்சியும் சட்டமும் உள்ளமையால் அவை ஆளற்ற நிலங்கள் அல்ல. போப்பாண்டவரின் தானப்பத்திரமும் செல்லாது. தமக்கு உரித்தல்லாததை அவர் எங்ஙனம் ஈவார்? கிறித்து மதத்தைச் சாராமையால் ஒரு மக்கள் தம் நிலத்துரிமையை இழப்பதுமில்லை. இவ்வாதங்கள் பலவற்றை ஸ்பானியப் பேராசிரியரான விற்றோரியாவின் உரைகளிலிருந்தே எடுத்து, எதிரியின் வாளால் எதிரியை வீழ்த்தினார் குரோஷியஸ். இங்கு நாம் ஊன்றிப் படிக்கவேண்டிய ஓரிடம் உண்டு. போர்த்துக்கேயருக்கு ஆட்சியுரிமை இல்லாத நாடுகளை எண்ணுமிடத்து, சாவகத்தோடும் மலுக்குத் தீவுகளோடும் அவர் நம் இலங்கையையும் பெயர் கூறி எண்ணுகின்றார்.

நம் நாட்டின் உரிமையை எடுத்துரைத்த நல்லவர் என்று உடனே மகிழ்ந்துவிடல் ஆகாது. அவர் பேசியது ஒரு கட்சிக்காரருக்காக. 1613 இல் அவர் இலண்டனுக்குத் தூது சென்றபொழுது, நறுஞ்சரக்கு வாணிகத்தில் தங்களுக்கும் வழிவிட வேண்டுமென்ற ஆங்கிலேயர் கட்டற்ற கடல் என்னும் அந்நூலையே எடுத்துக்காட்டி அவரை மடக்கினர். குரோஷியஸ் அதற்குச் சளைக்காது, தீவுகளின் அரசர் கும்பனியுடன் செய்த உடன்படிக்கை அவர்களைக் கட்டுப்படுத்தும் என்றும், வாக்கு வாக்கே என்றும் வாதித்தார். அவ்வுடன்படிக்கைகள் பீரங்கி நிழலில் எழுதப்பட்டவை என்பதை அவர் பெரிதுபடுத்தவில்லை. கடல் போர்த்துக்கேயருக்கு எதிராகத் திறந்தது. ஆங்கிலேயருக்கு எதிரே அடைத்தது. ஒரு நியாயவாதியின் திறமையை இங்கே காண்கின்றோம். நீதியை இன்னும் காணவில்லை என்பதே நம் துணிபு.

ஊழ் அவருக்கு வேறொரு கல்வியை வைத்திருந்தது. ஒல்லாந்திலே சமயக் கொள்கைபற்றி எழுந்த பிணக்கு அரசியற் கலகமாய் முற்றியது. அந்நாளில் ரொட்டர்டாம் நகரின் ஆலோசகராயிருந்த குரோஷியஸ், விட்டுக்கொடுத்து வாழும் கட்சியிலே ஓல்டன்பார்னவெல்டுடன் நின்றார். இளவரசர் மோரிஸ் எதிர்க்கட்சியின் பக்கம் சாய்ந்து 1618 ஆகஸ்டில் இருவரையும் சிறைப்படுத்தினார். எழுபது கடந்த ஓல்டன்பார்னவெல்டை 1619 மே மாதம் 13 ஆந் திகதி சிரச்சேதஞ் செய்தனர். குரோஷியஸுக்கு ஆயுட்சிறை; உடைமை யாவும் பறிமுதல். நாடு போற்றிய சட்டவறிஞர் லூவஸ்டைன் கோட்டையிலே கைதியானார்.

அவர் மனைவியார் மரியா கோட்டைக்குள் உடனுறைய அனுமதி பெற்றார். நண்பர் இரவல் தந்த நூல்கள் ஒரு பெட்டியிலே வந்தன. படித்து முடிந்ததும் அப்பெட்டியிலேயே திரும்பிப் போயின. முதலில் ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறந்து சோதித்த காவலர், எப்பொழுதும் புத்தகமே இருக்கக்கண்டு நாளடைவிற் சலித்துவிட்டனர். அச்சலிப்பை மரியா அம்மையார் கவனித்தார். 1621 மார்ச்சு 22 ஆந் திகதி, கோட்டைத் தலைவன் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, கணவரைப் பெட்டிக்குள் முடக்கிப் பூட்டி வெளியே அனுப்பினார். பாரம் மிகுந்திருப்பதாகச் சுமந்தவர் முறையிட்டனராம். வேலைக்காரப் பெண் எல்சே பெட்டியோடு கூடச் சென்று, படகில் ஏற்றி, கோரிங்கம் நகரிலே நண்பர் மனையிற் சேர்ப்பித்தாள். அங்கிருந்து கொத்தன் வேடம் பூண்டு எல்லை கடந்தார் குரோஷியஸ். அம்மையாரோ கணவர் இடத்திலே சிறையில் இருந்தார்; சின்னாட்களில் அவரையும் விடுவித்தனர். அந்தப் பெட்டி தம்மிடமே உள்ளதென இன்று ஒன்றுக்கு மேற்பட்ட நூதனசாலைகள் உரிமை பாராட்டுகின்றன. சான்றுச் சட்டம் பயில்வோருக்கு அதுவும் ஒரு நல்ல வழக்கு!

அச்சிறையிலே அவர் எழுதிய நூல்களுள் இரண்டைக் குறிப்பிடல் வேண்டும். ஒன்று, தூரதேசஞ் செல்லும் மாலுமிகள் பிறமதத்தாரோடு வாதஞ்செய்தற்கெனக் கிறித்து மத உண்மைபற்றி ஒல்லாந்த மொழியிலே பாடியது. சைவராகிய நாம் அதில் நெடிது தங்கவேண்டியதில்லை. மற்றையது ஒல்லாந்தச் சட்டத்துக்கு ஒரு முன்னுரை. 1631 இல் அச்சேறியது. தம் மக்கள் கற்றற்பொருட்டு இலத்தீனில் அன்றித் தாய்மொழியில் அவர் எழுதிய அந்நூல், கும்பனிக் கப்பலேறிக் கீழைத்தேயம் வந்த உரோம ஒல்லாந்தச் சட்டத்தின் மூலநூல்களுள் ஒன்றாயிற்று. ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். 1707 இல் நம் தேசவழமையை ஏட்டில் எழுதுவித்தனர். பின்வந்த ஆங்கிலேயர் 1799 இன் பிரகடனத்தால் முன்னைய சட்டங்களை நிலைக்கவிட்டனர். ஆதலால் சிறைக்கோட்டையில் எழுந்த அந்நூல் இலங்கை நீதிமன்றங்களிலும் எடுத்தாளப்படும் நிலை பெற்றது. அவர் பெட்டிக்குள் இருந்து தப்பிய அதே 1621 இலேதான், அவர் முன்னர் வழக்குரைத்த கும்பனி பாண்டாத் தீவுகளைத் தாக்கி, சாதிக்காய் வாணிகத்தைத் தனதாக்கும்பொருட்டு அங்குள்ள மக்களிற் பெரும்பாலோரை அழித்தும் துரத்தியும் ஒழித்தது. உடன்படிக்கையை மீறினார் என்பதே அம்மக்கள்மேற் சாட்டிய குற்றம்.

பாரிசிலே பிரெஞ்சு மன்னன் அளித்த உபகாரச் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. நாடில்லை, பதவியில்லை, கட்சிக்காரரும் இல்லை. முப்பதாண்டுப் போர் ஐரோப்பாவைச் சூறையாடிய அக்காலத்தில், 1625 இல், போரும் சமாதானமும் பற்றிய நியாயம் என்னும் பொருளுடைய தம் பெருநூலை வெளியிட்டார். அற்ப காரணத்துக்கும் காரணமின்றியும் போருக்கு எழுந்து, எழுந்தபின் தெய்வ நியாயமும் மனித நியாயமும் மறந்து வெறிகொள்ளும் நிலையைக் கண்டு நாணியே எழுதியதாக முகவுரையிற் கூறுகின்றார். இயற்கை நீதி மனிதன் கூடிவாழும் இயல்பினின்றும் பிறப்பது. கடவுள் இல்லையெனக் கொண்டாலும் அது நிற்கும் என்று அவர் துணிந்து எழுதியமை அக்காலத்துக்குப் பெரிய வார்த்தை.

நூல் மூன்று பகுதிகளால் ஆயது. போர் நியாயமாதல் கூடுமா என்பதை முதற்பகுதியும், எக்காரணத்தால் நியாயமாம் என்பதை இரண்டாம் பகுதியும் ஆராயும். மூன்றாம் பகுதியே நம் உள்ளத்தைப் பிணிப்பது. போரிலே பகைவரைக் கொல்லலாம், பெண்டிர் குழந்தைகளையும் கொல்லலாம், பொருளைக் கவரலாம், பிடிபட்டோரை அடிமை கொள்ளலாம் என்று, நாடுகளின் வழக்கம் தண்டியாது விடுவனவற்றை அத்தியாயம் அத்தியாயமாக அடுக்குகின்றார். படிப்போர் மனங் கலங்கும் அவ்விடத்தில் ஆசிரியர் திரும்பி நின்று, கொடுத்ததாகத் தோன்றியவற்றை எல்லாம் மீளப் பறிக்கத் தொடங்குகின்றார். தண்டனை இல்லாமை வேறு, நியாயமாதல் வேறு. ஆகவே குழந்தைகளையும் பெண்டிரையும் முதியோரையும் விடுக. உழவரையும் வணிகரையும் கற்றோரையும் விடுக. சரணடைந்தாரைக் கொல்லற்க என நீள்கிறது அவ்வொழுங்கு. 1949 இன் ஜெனீவா உடன்படிக்கைகளைப் பயிலும் மாணவர் அங்கு இக்குரலின் எதிரொலியைக் கேட்பர். குறைகளும் உள, அடிமைமுறையை அவர் அடியோடு மறுத்தாரல்லர். இயற்கை நீதியை மீறும் மக்களைப் பிறநாட்டு அரசன் தண்டிக்கலாம் என்ற அவர் கருத்து, பிற்காலத்தில் நாடு பிடிப்போருக்கு வாய்ப்பாயிற்று.

இந்நூலில் அவர் அழைக்கும் சாட்சிகள் யாவர்? அரசாணைகள் மாத்திரமல்ல, ஹோமரும் யூரிப்பிடீசும், சிசெரோவும் லிவியும். வெவ்வேறு காலத்து, வெவ்வேறு நாட்டுப் புலவர் ஒரே முடிவை மொழிவாராயின், அது மனிதருக்குப் பொதுவான நியாயத்துக்குச் சான்று என்பது அவர் கொள்கை. லெய்டனில் பதினொரு வயதிற் கற்ற பழம்பாடல்கள் நாற்பத்திரண்டாம் வயதிலே சட்டமாயின. நம்மிடம் வினாவிய மாணவர்க்கு நாம் காட்டிய பக்கங்கள் இவையே.

எஞ்சியதைச் சுருங்கச் சொல்வாம். 1631 இல் தாய்நாடு திரும்பினார், மீண்டும் துரத்தப்பட்டார். சுவீடன் தேசத்தின் தூதுவராய்ப் பத்தாண்டு பாரிசில் இருந்தும் பெருவெற்றி கண்டாரல்லர். 1645 இல் சுவீடனிலிருந்து மீளும்பொழுது கப்பல் புயலிற் சிக்க, நலிந்து ரொஸ்டொக் நகர் சேர்ந்து ஆகஸ்டு 28 ஆந் திகதி உயிர்நீத்தார். உயிரோடு ஏற்க மறுத்த நாடு உடலை ஏற்று டெல்ஃப்டிலே அடக்கஞ் செய்தது. இளமையிற் கும்பனிக்கு எழுதிய பெருநூலின் கையெழுத்துப் படி இரு நூற்றாண்டுக்கு மேல் மறைந்து கிடந்து, 1864 இல் ஏலத்துக்கு வந்தபொழுதே, கட்டற்ற கடல் ஒரு வழக்குரையின் துண்டம் என்பது உலகுக்குத் தெரிந்தது. 1899 இல் ஹேக் சமாதான மகாநாட்டுக்கு வந்த அமெரிக்கப் பிரதிநிதிகள் அவர் கல்லறையில் வெள்ளி மலர்வளையம் சாத்தினர்.

அந்த ஹேக் நகரத்துச் சருவதேச நீதிமன்றிலே நம் நாட்டவராகிய வீரமந்திரி அவர்கள் 1991 முதல் 2000 வரை நீதியரசராய் வீற்றிருந்தார். அணுவாயுதம் பற்றி 1996 இல் அம்மன்று கருத்துரைத்தபொழுது, பெரும்பான்மையோரோடு உடன்படாது, எந்நிலையிலும் அவ்வாயுதம் சட்டவிரோதமே எனத் தனித்து எழுதிய அவர், அதற்குச் சான்றாக அழைத்தவற்றுள் இராமாயணமும் ஒன்று.