மீட்டால் மட்டும் போதுமா? அவ்வை இல்லம் பிறந்த கதை!

1930. தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த சிறுமிகள் சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி வீட்டுக் கதவைத் தட்டினாங்க. விடுதிகள் சேர்க்க மறுத்ததால், தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அப்படித் தொடங்கியதுதான், இன்று அடையாறில் இருக்கும் அவ்வை இல்லம்.

யார் இவர்?

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி குடும்பத்தைச் சேர்ந்தவர். 1912-ல் டாக்டரான முத்துலட்சுமி, சென்னை மாகாண சட்டசபையின் முதல் பெண் துணைத் தலைவரானார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். முழுத் தடைச் சட்டம் வந்தது 1947-ல்தான்.

ஆனால், மீண்டு வர்ற பொண்ணுக்குத் தங்க இடம், படிப்பு, கைத்தொழில் எல்லாம் வேணுமே? சட்டத்துக்குக் காத்திருக்காமல் அதைச் செய்து காட்டியவர், 1968-ல் மறைந்தார்.

இப்போது கடத்தலில் இருந்து மீட்கப்படும் பெண்களுக்கு மத்திய அரசின் 'சக்தி சதன்' இல்லங்கள் இருக்கு. உதவிக்கு 181-ஐ அழைக்கலாம்.