பிலிப் ஹென்றி கோஸ்

பிலிப் ஹென்றி கோஸ் (ஏப்ரல் 6, 1810 – ஆகஸ்ட் 23, 1888) இங்கிலாந்தைச் சேர்ந்த இயற்கையியலாளரும் எழுத்தாளரும் ஆவார். கண்ணாடித் தொட்டியில் கடல்நீரைக் கெடாமல் காத்து, அதில் கடல் உயிரினங்களை வளர்க்கும் முறையைப் பொதுமக்களிடையே பரப்பியவர்களுள் இவர் முதன்மையானவர். இத்தகைய தொட்டியைக் குறிக்க அக்குவாரியம் என்னும் சொல் நிலைபெற்றதற்கு இவருடைய நூலே முக்கிய காரணமாகும்.

வாழ்க்கைச் சுருக்கம்

கோஸ் வூஸ்டர் நகரில் பிறந்து, தென்கடற்கரையில் உள்ள பூல் என்னும் துறைமுக நகரில் வளர்ந்தார். இவருடைய தந்தை சிற்றோவியங்கள் வரைபவர். கடற்சாமந்தி போன்ற கரையோர உயிரினங்களில் இவருக்கு ஆர்வத்தை ஊட்டியவர் இவரது அத்தை ஆவார். 1827 ஆம் ஆண்டில் நியூஃபவுண்ட்லாந்து சென்று வணிக நிறுவனமொன்றில் எழுத்தராகப் பணியாற்றினார். பின்னர் கனடாவில் வேளாண்மை செய்தார். அலபாமாவில் ஆசிரியராக இருந்தார். 1839 இல் நாடு திரும்பினார். 1844 முதல் 1846 வரை ஜமைக்காவில் பறவைகளை ஆராய்ந்தார். 1848 இல் எமிலி பௌஸ் என்பவரை மணந்தார். இவர்களுடைய மகன் எட்மண்ட் கோஸ் பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரானார். 1852 இல் கோஸ் டெவன் கடற்கரைக்குச் சென்று கடல் உயிரினங்களை ஆராயத் தொடங்கினார்.

கடல்நீரைத் தூய்மையாக வைத்திருத்தல்

மூடிய தொட்டியில் உள்ள கடல்நீர், உயிரினங்களின் கழிவுகளாலும் ஆக்சிஜன் குறைவதாலும் விரைவில் கெட்டுவிடும். நீர்த்தாவரங்கள் ஆக்சிஜனை வெளியிட்டு நீரைக் காக்கும் என்பதை வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850 இல் நன்னீர்த் தொட்டியில் காட்டினார். கோஸ் இதனைக் கடல்நீரில் செய்து பார்த்தார். இவர் சேகரித்த உயிரினங்கள் 1853 இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் திறக்கப்பட்ட மீன் காட்சியகத்திலும் இடம்பெற்றன.

1854 இல் சாதாரண உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகியவற்றை நீரில் கரைத்துச் செயற்கைக் கடல்நீரை உருவாக்கினார். அதனைக் கண்ணாடிப் புனலில் வைத்த கடற்பஞ்சின் வழியே வடிகட்டித் தொட்டியில் ஊற்றினார். கழுவிய கூழாங்கற்களையும் பச்சைக் கடற்பாசி வளர்ந்த கற்களையும் முதலில் இட்டு, ஏறத்தாழ ஒரு வாரம் சென்ற பின்னரே விலங்குகளை விட்டார். கண்ணாடியில் படரும் பாசியை மேய்ந்து நீக்கக் கடல் நத்தைகளைப் பயன்படுத்தினார்.

கோஸ் தாவரங்களையே நீரைத் தூய்மையாக்குபவையாகக் கருதினார். உண்மையில் கற்களிலும் மணலிலும் வாழும் பாக்டீரியாக்களுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. கழிவிலிருந்து உண்டாகும் நச்சுத்தன்மையுள்ள அம்மோனியாவை அவை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இது அக்காலத்தில் அறியப்பட்டிருக்கவில்லை. இன்று புதிய தொட்டியில் இப்பாக்டீரியாக்கள் பெருகும்வரை மீன்களை விடாமல் சில வாரங்கள் காத்திருப்பது வழக்கம். வடிகட்டியின் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுவதும் இவற்றைக் காப்பதற்காகவே.

நூல்களும் விளைவுகளும்

கோஸ் எழுதிய அக்குவாரியம் (1854), கடல்நீர் அக்குவாரியக் கையேடு (1855) ஆகிய நூல்கள் பெரும் வரவேற்பைப் பெற்றன. கண்ணாடி மீதான வரி 1845 இல் நீக்கப்பட்டிருந்ததும், தொடர்வண்டியில் கடற்கரைக்குச் செல்வது எளிதானதும் இவ்வார்வத்தை வளர்த்தன. பலர் கரையோரப் பாறைக்குட்டைகளிலிருந்து உயிரினங்களை அள்ளிச் சென்றனர். வீடுகளில் இருந்த தொட்டிகள் பல முறையான பராமரிப்பின்றி அழிந்தன. டெவன் கரையின் குட்டைகள் வெறுமையடைந்ததற்குத் தம் நூல்களே காரணமாயின என்பதை உணர்ந்து கோஸ் பெரிதும் வருந்தியதாக எட்மண்ட் கோஸ் 1907 இல் வெளியிட்ட தந்தையும் மகனும் என்ற நூலில் பதிவு செய்துள்ளார்.

இறுதிக்காலம்

1857 இல் மனைவி எமிலி புற்றுநோயால் காலமானார். அதே ஆண்டில் படைப்புக் கொள்கையையும் நிலவியலையும் இணைக்க முயன்று கோஸ் எழுதிய ஓம்ஃபலோஸ் என்ற நூல் தோல்வியடைந்தது. பின்னர் பிரித்தானியக் கடற்சாமந்திகள் பற்றிய விரிவான நூலை எழுதி 1860 இல் நிறைவு செய்தார். டார்க்கி நகரை ஒட்டிய செயிண்ட் மேரிசர்ச்சில் இறுதிவரை வாழ்ந்து, 1888 இல் தமது 78 ஆவது வயதில் காலமானார்.