வில்லிஸ் கேரியர் – தியேட்டருக்குள் குளிர்காற்று கொண்டுவந்தவர்



விஞ்ஞானி என்றால் எடிசன், ரைட் சகோதரர்கள் என்று தெரிந்தவர்களையே நாம் திரும்பத் திரும்ப எழுதுகிறோம். இந்த இதழுக்கு நான் எடுத்துக்கொண்டவரின் பெயரை நம்மில் பலர் ஏசி பெட்டியின் மேல்தான் பார்த்திருப்போம். கேரியர் என்பது கம்பெனிப் பெயர் மட்டும் இல்லை, ஒரு மனிதரின் பெயர். முழுப்பெயர் வில்லிஸ் ஹேவிலண்ட் கேரியர். (டிபன் கேரியருக்கும் இவருக்கும் சம்பந்தம் கிடையாது!)

இவர் 1876-ஆம் ஆண்டு நவம்பர் 26 அன்று, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் அங்கோலா என்ற ஊரில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். சின்ன வயதில் பின்னக் கணக்கு இவருக்குச் சுத்தமாகப் புரியவில்லை. அம்மா ஆப்பிள்களை எடுத்து வரச் சொல்லி, பாதியாக, காலாக, அரைக்காலாக வெட்டிக் காட்டிச் சொல்லிக் கொடுத்தார். அதற்குப் பிறகு கணக்கு இவரை விட்டுப் போகவே இல்லை. அந்த அம்மா இவர் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். வசதி குறைந்த குடும்பம். உதவித்தொகை பெற்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1901-இல் இன்ஜினியர் ஆனதும் பஃபலோ நகரில் உள்ள பஃபலோ ஃபோர்ஜ் என்ற கம்பெனியில் சேர்ந்தார். சம்பளம் வாரத்துக்கு 10 டாலர்.

அடுத்த ஆண்டே, 1902-இல், புரூக்ளினில் உள்ள ஓர் அச்சகத்திலிருந்து ஒரு சிக்கல் வந்தது. அங்கே வண்ணப் படங்களை ஒரு நிறத்துக்கு ஒரு முறை என்று பல முறை அச்சிடுவார்கள். மழைக்கால மாதிரி காற்றில் ஈரம் கூடினால் தாள் கொஞ்சம் விரிந்துவிடும், குறைந்தால் சுருங்கிவிடும். அப்புறம் சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம் என்று நிறங்கள் விலகி நிற்கும். கேரியர் யோசித்தது காற்றைக் குளிர வைப்பதைப் பற்றி மட்டும் அல்ல, அதன் ஈரத்தைப் பிடித்து நிறுத்துவதைப் பற்றியும்தான். ஈரப்பதம் எப்போதும் 55 சதவீதத்தில் இருக்கும்படி ஓர் ஏற்பாட்டை வரைந்து கொடுத்தார். அதன் குளிர்விக்கும் சக்தி, ஒரு நாளைக்குச் சுமார் 49,000 கிலோ பனிக்கட்டி உருகுவதற்குச் சமம். அப்போது அவருக்கு வயது 25!

அதே ஆண்டின் கடைசியில் பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் மூடுபனியில் நின்றபோது இவருக்கு ஒரு யோசனை வந்தது. மூடுபனியில் காற்று, அந்தக் குளிருக்கு எவ்வளவு ஈரம் தாங்குமோ அவ்வளவும் நிரம்பி இருக்கிறது. குளிர் அதிகமானால் காற்று தாங்கும் ஈரம் குறையும். அப்படியானால், காற்றைக் குளிர்ந்த நீர்த்தூறல் வழியாகச் செலுத்தினால், அதிகப்படி ஈரம் தூறலோடு சேர்ந்து விழுந்துவிடும். தண்ணீரைத் தெளித்தே காற்றை உலர்த்துவது! கேட்டால் ஏமாற்று வேலை மாதிரி இருக்கிறது. ஆனால் குளிர்ந்த சொம்பின் வெளிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் பூக்கிறதே, அதே கதைதான். 1906-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1915-இல் ஏழு இன்ஜினியர்கள் சேர்ந்து 32,600 டாலரைத் திரட்டிச் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். நூற்பாலை, மருந்து ஆலை என்று வேலைகள் வந்தன. கவனித்தீர்களா, எல்லாமே சரக்குக்காகத்தான், மனிதருக்காக இல்லை.

சரி, தியேட்டருக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கோடை வந்தால் பல தியேட்டர்கள் காற்று வாங்கும், சில மூடியே கிடக்கும். படம் ஓட இருட்டு வேண்டும், அதனால் ஜன்னல் கிடையாது. உள்ளே ஆயிரம், இரண்டாயிரம் பேர். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் கிட்டத்தட்ட 100 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெப்பத்தை வெளிவிடுகிறார். 2,000 பேர் என்றால் 2,000 பல்பு! ஏசியில் ஒரு டன், ஒன்றரை டன் என்கிறார்களே, அது பெட்டியின் எடை இல்லை. ஒரு நாளில் ஓர் அமெரிக்க டன், அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டியை உருக்கும் வெப்பத்தை வெளியேற்றும் சக்திதான் ஒரு டன். அது சுமார் 3,500 வாட். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டன் 35 பேருக்குத்தான் வரும். 2,000 பேருக்கு மட்டும் 57 டன் வேண்டும். விளக்குகளின் சூடு, வெளியிலிருந்து எடுக்கும் புதுக்காற்றின் சூடு எல்லாம் தனி. போதாததற்கு மூச்சிலும் வியர்வையிலும் வரும் ஈரம் வேறு.

சில தியேட்டர்களில் அதற்கு முன்பே குளிர்காற்று இருந்தது. ஆனால் அதை இருக்கைக்கு அடியில் தரையிலிருந்து விட்டார்கள். குளிர்ந்த காற்று கனமானது, மேலே ஏறாமல் அங்கேயே தங்கிவிடும். கீழே உட்கார்ந்தவர்கள் கால் விறைத்துப்போய் செய்தித்தாளைச் சுற்றிக்கொண்டார்கள். மேலே பால்கனிக்காரர்கள் வெந்துகொண்டிருந்தார்கள்! ஒரே தியேட்டரில் ஊட்டியும் வேலூரும்.

கேரியரின் கூட்டாளிகளில் ஒருவரான லோகன் லூயிஸ் இதைத் தலைகீழாக மாற்றினார். காற்று கூரையிலிருந்து மெதுவாக இறங்கட்டும், தரையில் உள்ள துளைகள் வழியாகத் திரும்பிப் போகட்டும் என்றார். இன்னொரு நுட்பமும் உண்டு. ஈரத்தை நீக்க வேண்டுமானால் காற்றை நன்றாகக் குளிர வைக்க வேண்டும். அதை அப்படியே விட்டால் தலையில் பனிக்கட்டி வைத்த மாதிரி இருக்கும். அதனால் திரும்பி வரும் காற்றில் ஒரு பகுதியைக் குளிர்விக்காமல் தனி வழியில் கொண்டுவந்து கலந்தார்கள். நம் வீட்டில் வெந்நீர் விளாவுகிறோமே, அதே மாதிரிதான். லாஸ் ஏஞ்சல்ஸில் மெட்ரோபாலிடன் தியேட்டரில் இதைச் செய்து பார்த்தார்கள், பலித்தது.

ஆனாலும் இயந்திரம் பெரிய தொல்லை. பழைய குளிர் இயந்திரங்கள் பலவற்றில் அம்மோனியா இருக்கும். நம் வேதியியல் லேபில் ஒரு துளி மோந்தாலே கண்ணில் தண்ணீர் வரும். நிறைந்த அரங்கில் அது கசிந்தால் என்ன ஆகும்? மூச்சுத் திணறலை விட வாசலில் நடக்கும் நெரிசலே பல உயிர்களை வாங்கிவிடும். கேரியர் இதற்கு மாற்றுத் தேடி, சுழலும் சக்கரத்தால் வாயுவை அமுக்கும் புது இயந்திரத்தை 1922 மே மாதம் நியூஜெர்சியின் நியூவார்க்கில் காட்டினார். அதில் அம்மோனியாவுக்குப் பதில் டைலீன் என்ற திரவம். இயந்திரமும் அடக்கமானது. 1924-இல் டெட்ராய்ட்டில் ஹட்சன் என்ற பெரிய கடையில் மூன்று இயந்திரங்கள் வைத்தார்கள். அங்கே தள்ளுபடி விற்பனை நடக்கும் அடித்தளத்தில் கூட்டம் தாங்காமல் மக்கள் மயங்கி விழுந்து கொண்டிருந்தார்களாம்.

கடைசியில் நியூயார்க். டைம்ஸ் சதுக்கத்தில் ரிவோலி தியேட்டர், சுமார் 2,000 இருக்கை. பாரமவுண்ட் சினிமா கம்பெனியின் தலைவர் அடால்ஃப் ஜூகோரே நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்துவிட்டால் பெரிய தியேட்டர்களின் கதவு திறக்கும். பிடிக்காவிட்டால் நாடு முழுக்கப் பெயர் கெட்டுப் போகும். நகரத்துப் பாதுகாப்பு அதிகாரி வேறு, புதுத் திரவத்துக்கு அனுமதி தர மறுத்தார். கேரியர் அவர் முன்னாலேயே டைலீனில் எரியும் தீக்குச்சியைப் போட்டு, அது வெடிக்காமல் மெல்ல எரிவதைக் காட்டிச் சம்மதம் வாங்கினார் என்று சொல்வார்கள். (லேபில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். வேதியியல் சார் என்னைத்தான் கூப்பிடுவார்.)

1925 மே மாதம், நினைவு தின விடுமுறை. வாசலில் பெருங்கூட்டம். இயந்திரத்தை ஓட விடுவதில் தாமதம் ஆகிவிட்டது. அரங்கம் குளிர்வதற்கு முன்பே கதவைத் திறந்துவிட்டார்கள். 2,000 பல்புகளும் உள்ளே வந்து உட்கார்ந்தாயிற்று! பெண்கள் எல்லார் கையிலும் விசிறி, ஆண்களில் பலர் கையிலும் விசிறி. ஜூகோர் பால்கனியில் உட்கார்ந்திருக்கிறார். கேரியரும் கூட்டாளிகளும் பின்னால் நின்று விசிறிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெறும் அரங்கைக் குளிர வைப்பதே மெதுவான வேலை, நிறைந்த அரங்கு என்றால் இன்னும் நேரம் ஆகும். அந்தச் சில நிமிடங்கள் அவருக்கு எப்படி இருந்திருக்கும்! ரிசல்ட் வரும் நாளில் நோட்டீஸ் போர்டு முன்னால் நிற்கிறோமே, அதை விட மோசம்.

முதலில் ஒரு விசிறி நின்றது. பிறகு ஒன்று, பிறகு இரண்டு. மெல்ல மெல்ல விசிறிகள் மடியில் இறங்கின. பிடிவாதமாக விசிறிக்கொண்டிருந்த சிலரும் கடைசியில் நிறுத்திவிட்டார்கள். கேரியர் குழுவினர் வெளிக்கூடத்தில் ஜூகோருக்காகக் காத்திருந்தார்கள். அவர் இறங்கி வந்து, மக்களுக்கு இது பிடிக்கும் என்ற பொருளில் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு கோடையில்தான் தியேட்டரில் கூட்டம். 1930-க்குள் கேரியரின் கம்பெனி முந்நூறுக்கும் மேற்பட்ட தியேட்டர்களைக் குளிர வைத்தது. 1928-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையும், 1929-இல் மேலவையும் குளிர்ந்தன. வில்லிஸ் கேரியர் 1950 அக்டோபர் 7 அன்று, 73-ஆம் வயதில் காலமானார். ரிவோலி தியேட்டர் இன்று இல்லை. 1987-இல் மூடி, பிறகு இடித்துவிட்டார்கள்.

– 10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு