இறந்தவன் எழுதிய சரிதை

பழைய புத்தகக் கடையொன்றிலே அண்மையில் ஒரு நாவல் என் கைக்கு எட்டிற்று. 1952இல் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பு அது. கதை சொல்பவனோ இறந்துபோனவன். பிராஸ் கூபாஸ் என்னும் அச்செல்வன், அடிமைகளை உடைய குடும்பத்திற் பிறந்து, எதையும் சாதியாது மாண்டபின், தன் சரிதையைத் தானே எழுதுகிறான். இவனைப் படைத்தவர் யாரென்று தேடியபோது திடுக்குற்றேன்.

மஷாடோ டி அசிஸ் 1839இல் பிரேசில் நாட்டின் றியோ டி ஜனைரோ நகரிற் பிறந்தார். தந்தை வீடுகளுக்கு வர்ணம் பூசுபவர். தந்தையைப் பெற்றோர் விடுதலை பெற்ற அடிமைகள். பத்து வயது நிரம்புமுன் தாயை இழந்தார். முறையான கல்வி வாய்க்கவில்லை. அரசாங்க அச்சகத்திலே தொழில் பழகிப் பத்திரிகை எழுத்தாளரானார். பின்னர் விவசாய அமைச்சில் உத்தியோகம் பெற்றார். 1869இல் கரோலினாவை மணந்தார். காக்கைவலியும் திக்குவாயும் அவரை வருத்தின. 1878இன் இறுதியில் நோய் முற்றவே, மலைநகரொன்றிற் சில மாதங்கள் தங்கினார். கண்ணொளி குன்றியிருந்தமையால் இந்நாவலின் சில பகுதிகளை அவர் சொல்ல, மனைவியார் எழுதினார். 1880இல் சஞ்சிகையில் தொடராக வந்த அது, மறு ஆண்டு நூலாயிற்று.

அடிமைகளின் பேரன் ஆண்டையின் வாயால் ஏன் பேசினார்? முதலில் எனக்கு அது கோழைத்தனமாகவே தோன்றிற்று. புருடென்சியோவின் கதையைப் படித்தபின் அவ்வெண்ணம் மாறியது. சிறு வயதிலே பிராஸ், அடிமைச் சிறுவனான புருடென்சியோவைக் குதிரையாக்கி, முதுகிலேறிச் சாட்டையால் அடித்து விளையாடுவான். பல்லாண்டுகளின் பின், விடுதலை பெற்ற அதே புருடென்சியோ, தான் விலைக்கு வாங்கிய அடிமை ஒருவனை நடுத்தெருவிலே அடிப்பதைக் காண்கிறான். தான் பட்ட அடியை வட்டியுடன் இன்னொருவனுக்குக் கொடுக்கிறான் என்று ரசித்துச் சொல்கிறான் பிராஸ். இறந்தவனுக்கு வெட்கம் ஏது? உயிரோடுள்ள எந்த ஆண்டையும் மறைக்கக்கூடியதை அவன் கூச்சமின்றிக் கூறிவிடுகிறான்; குற்றத்தை நாமே உணர்ந்துகொள்கிறோம்.

அடிமைத் தாயர்க்குப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர் என விதித்த 1871ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய கோவைகள் மஷாடோவின் பிரிவிற்கே வந்தன. ஆண்டைமாரின் சாக்குப்போக்குகளை அவர் நன்கு அறிந்திருந்தார். 1888இல் அடிமைமுறை ஒழிந்தது. 1897இல் பிரேசில் இலக்கியக் கழகத்தின் முதல் தலைவரானார். 1904இல் கரோலினா மறைந்தார். நான்கு ஆண்டுகளின் பின் அவரும் மறைந்தார்.

அவர் கோழையல்லர். நான்தான் அவசரப்பட்டுத் தீர்ப்பளித்துவிட்டேன்.