புகழ் மண்டபத்தின் வாயிலில் ஜோ ஜாக்சன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்றொரு சிற்றூர் உள்ளது. அந்நாட்டு மக்களின் உள்ளங்கவர்ந்த பேஸ்பால் விளையாட்டின் புகழ் மண்டபம் அங்குதான் 1939ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்டது. ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களுள் தலைசிறந்தோர் வாக்கெடுப்பின் வழித் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவர்தம் உருவமும் சாதனையும் வெண்கலப் பட்டயங்களில் பொறிக்கப்படுகின்றன. வாக்களிப்போருள் நூற்றுக்கு எழுபத்தைந்து பேரின் ஒப்புதல் வேண்டும். ஆட்டத்திறனை மட்டுமன்றி நேர்மையையும் நன்னடத்தையையும் கருதியே வாக்களிக்க வேண்டும் என்பது விதி.

இம்மண்டபத்தில் இடம்பெறத் தக்கவர் யார், தகாதவர் யார் என்ற வாதம் ஆண்டுதோறும் எழுவதுண்டு. அவ்வாதங்களுள் நூறாண்டு கடந்தும் ஓயாத ஒன்று உண்டு. அது ஜோசப் ஜெபர்சன் ஜாக்சன் என்னும் மாபெரும் ஆட்டக்காரரைப் பற்றியது. அவர்தம் வாழ்வை ஈண்டு நாம் சுருக்கமாகக் காண்போம்.

பஞ்சாலைச் சிறுவர்

தென் கரோலினா மாநிலத்தின் பிக்கன்ஸ் வட்டாரத்தில் 1887ஆம் ஆண்டு ஓர் ஏழைக் குடும்பத்தில் எட்டு மக்களுள் மூத்தவராக ஜாக்சன் பிறந்தார். பிழைப்புத் தேடிக் குடும்பம் கிரீன்வில் நகரின் பிராண்டன் பஞ்சாலைக் குடியிருப்புக்குக் குடிபெயர்ந்தது. ஏட்டையும் எழுதுகோலையும் ஏந்த வேண்டிய ஆறேழு வயதிலேயே அச்சிறுவர் ஆலைக்குள் அனுப்பப்பட்டார். பஞ்சுத் தூசியும் இயந்திர இரைச்சலுமே அவருக்குப் பள்ளிக்கூடமாயின. வாழ்நாள் முழுவதும் அவர் எழுதப் படிக்க அறியாதவராகவே இருந்தார்.

ஆலைகள் ஒவ்வொன்றும் தத்தமக்கென ஆட்டக் குழுக்களை வைத்திருந்த காலம் அது. பதின்மூன்று வயதிலேயே ஜாக்சன் பெரியவர்களோடு சேர்ந்து ஆலைக் குழுவில் ஆடத் தொடங்கினார். 1908ஆம் ஆண்டு ஓர் ஆட்டத்தில் புதுக் காலணி கடித்துக் காலெல்லாம் கொப்புளமாகிவிட, அதனைக் கழற்றி எறிந்துவிட்டுக் காலுறையோடு ஆடினார். அதனைக் கண்ட பார்வையாளர் ஒருவர் எழுப்பிய கேலிக்குரலால் ‘காலணியில்லா ஜோ’ என்னும் பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. எழுத்தறியாப் பட்டிக்காட்டான் என்ற இகழ்ச்சி அப்பெயரில் மறைந்திருந்தமையால் அவர் அதனை விரும்பவில்லை. அதே ஆண்டில் கேட்டி என்னும் நங்கையை மணந்தார். கடிதங்களையும் ஒப்பந்தங்களையும் கணவருக்குப் படித்துக் காட்டும் பொறுப்பு அவ்வம்மையாருடையதாயிற்று.

புகழின் உச்சி

1908ஆம் ஆண்டிலேயே பிலடெல்பியா குழு அவரை அழைத்துக்கொண்டது. பெருநகர வாழ்வும் சக ஆட்டக்காரர்களின் ஏளனமும் அவரை வருத்தின. பின்னர் 1910இல் கிளீவ்லாந்து குழுவுக்கு மாற்றப்பட்டதும் அவர்தம் ஆற்றல் மலர்ந்தது. மட்டையாளர் ஒருவர் பந்தை எதிர்கொண்ட வாய்ப்புகளுள் எத்தனையில் வெற்றிகரமாக அடித்தார் என்பதே இவ்விளையாட்டில் திறனை அளக்கும் கோல். ஆயிரத்திற்கு முந்நூறு என்றாலே சிறந்த ஆட்டக்காரர் எனலாம். ஜாக்சனோ 1911ஆம் ஆண்டில், தமது முதல் முழுப் பருவத்திலேயே, ஆயிரத்திற்கு 408 என்னும் விகிதத்தை எட்டினார். அவர்தம் வாழ்நாள் விகிதம் 356 ஆகும். புகழ்பெற்ற பேப் ரூத் அவர்களே தாம் மட்டை வீசும் முறையை ஜாக்சனைப் பார்த்து அமைத்துக்கொண்டதாகக் கூறியுள்ளார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

1915இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் குழுவுக்கு மாறிய ஜாக்சன், 1917ஆம் ஆண்டு அக்குழு உலகத் தொடரை வெல்லத் துணைநின்றார். அக்குழுவின் உரிமையாளர் சார்லஸ் கோமிஸ்கி ஆவார். ஆட்டக்காரர் பிற குழுவுக்குத் தம் விருப்பப்படி செல்ல இயலாதவாறு ஒப்பந்த விதிகள் அவர்களைக் கட்டிப் போட்டிருந்தன. நாடறிந்த வீரரான ஜாக்சன் 1919இல் பெற்ற ஊதியம் ஏறத்தாழ 6,000 டாலர் மட்டுமே.

1919ஆம் ஆண்டின் கறை

அவ்வாண்டு உலகத் தொடரில் ஒயிட் சாக்ஸ் குழு சின்சினாட்டி ரெட்ஸ் குழுவை எதிர்கொண்டது. வலிமை மிக்க ஒயிட் சாக்ஸ் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றது. தோற்பதற்காகவே சூதாடிகள் ஆட்டக்காரர் சிலரை விலைக்கு வாங்கினர் என்ற செய்தி மறு ஆண்டில் வெடித்தது. எட்டுப் பேர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அவர்களுள் ஜாக்சனும் ஒருவர்.

1920ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் சிகாகோவில் விசாரணைச் சான்றாயத்தின்முன் தோன்றிய ஜாக்சன், தமக்கு 20,000 டாலர் வாக்களிக்கப்பட்டதையும் 5,000 டாலர் கைக்கு வந்ததையும் ஒப்புக்கொண்டார். ஆயினும் களத்தில் வெற்றிக்காகவே ஆடியதாகவும் கூறினார். அன்று அவருக்கென ஒரு வழக்கறிஞர் இல்லை. 1921ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் நடுவர் குழு குற்றஞ்சாட்டப்பட்டோரை விடுவித்தது. ஆனால் மறுநாளே பேஸ்பால் ஆணையராக இருந்த நீதிபதி லாண்டிஸ் எண்மரையும் தொழில்முறை ஆட்டத்திலிருந்து வாழ்நாள் முழுவதும் விலக்கி வைத்தார். தடைபெறும்போது ஜாக்சனுக்கு வயது முப்பத்து நான்கு. இறுதியாக அவர் ஆடிய 1920ஆம் ஆண்டில் அவர்தம் விகிதம் 382 ஆக இருந்தது.

எழுத்தறியாமை அவரைத் தொடர்ந்து துரத்தியது. நிலுவை ஊதியங் கோரி 1924இல் மில்வாக்கி நகரில் அவர் வழக்குத் தொடுத்தார். மனைவி படித்துக் காட்டாத நிலையில், குழுவின் அலுவலர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டதாக அவர் வாதிட்டார். நடுவர் குழு அவர் பக்கமே தீர்ப்பளித்தது. ஆயினும் 1920இல் அவர் அளித்த சாட்சியத்திற்கு மாறாகப் பேசினார் என்று கூறி நீதிபதி அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தார்.

பின்னாளில் ஜாக்சன் சவான்னா நகரில் துணி வெளுப்பு நிலையம் நடத்தினார். பிறகு கிரீன்வில் திரும்பி அங்கே மதுக்கடை ஒன்றின் வருவாயில் வாழ்ந்தார். 1951ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் அங்கேயே மறைந்தார்.

இரு தரப்பு வாதங்கள்

அவருக்கு மண்டபத்தில் இடம் வேண்டும் என்போர் எடுத்துக்காட்டுவன யாவை? அத்தொடரில் 32 வாய்ப்புகளில் 12 முறை அவர் வெற்றிகரமாக அடித்தார். தொடரின் ஒரே ஹோம் ரன்னும் அவருடையதே. தடுப்பாட்டத்தில் ஒரு பிழையும் அவர் பெயரில் பதிவாகவில்லை. தோற்க எண்ணியவர் இவ்வாறு ஆடுவாரோ என அவர்கள் வினவுகின்றனர். மேலும் கோமிஸ்கி 1939இலும் லாண்டிஸ் 1944இலும் அதே மண்டபத்தில் ஏற்கப்பட்டனர்; உழைத்தவர் மட்டும் வெளியே நிற்கலாமோ என்பது அவர்தம் அடுத்த வினா.

வேண்டா என்போர் கூறுவதும் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஜாக்சனின் அடிகளால் குழுவுக்கு ஓட்டங்கள் சேர்ந்ததெல்லாம் தொடரின் கடைசி மூன்று ஆட்டங்களில்தான் என்று அவர்கள் சுட்டுகின்றனர். அதனினும் முதன்மையானது, அவர் பணத்தைப் பெற்றார் என்பதாகும். பணம் பெறாமல், சதியை அறிந்தும் வாய்மூடி இருந்த பக் வீவர் என்பவருக்கும் அதே வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. அவ்வாறாயின் பணம் பெற்றவர்க்குப் பரிவு காட்டுவது எங்ஙனம் என்பது அவர்தம் கேள்வி.

தடைப்பட்டோரை வாக்கெடுப்பில் சேர்த்தல் கூடாது என்று 1991இல் மண்டபம் தெளிவான விதி வகுத்தது. 2025ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், இறந்தோர் மீதான தடை இனி செல்லாது என ஆணையர் மான்பிரட் அறிவித்தார். ஜாக்சனும், சூதாட்டத்தால் தடைபெற்ற பீட் ரோஸும் அதனால் விடுபட்டனர். பழங்கால வீரர்களை ஆராயும் பதினாறு பேர் குழு 2027 டிசம்பரில் கூடும்போது ஜாக்சனின் பெயர் எடுத்துக்கொள்ளப்பட வழி பிறந்துள்ளது.

நாம் கொள்ளும் முடிவு

இறந்தவர் மீது தடையை நீட்டிப்பதில் பொருளில்லை என்பதே நம் கருத்து. வாழ்நாள் தண்டனை அவர்தம் வாழ்நாளோடு முடிந்தது. ஆனால் தண்டனை முடிந்தது என்பது வேறு, குற்றமே நிகழவில்லை என்பது வேறு. ஆட்டம் என்பது காண வருவோர் நம்பி ஒப்படைக்கும் ஓர் அமானிதம். சூதாடியின் பணத்தைக் கையில் வாங்கிய நொடியிலேயே அவ்வமானிதம் முறிந்துவிடுகின்றது. பிறகு நன்றாக அடித்தாலும் அம்முறிவு ஒட்டாது. வறுமையும் அறியாமையும் அவர்மீது நமக்கு இரக்கத்தை உண்டாக்கலாம். அவற்றால் நீதியின் துலாக்கோலைச் சாய்த்தல் ஆகாது. அதே துலாக்கோலில், குறைந்த ஊதியத்தாலும் கடுமையான ஒப்பந்தத்தாலும் அவரைக் கட்டிப்போட்ட செல்வர்களும் நிறுக்கப்படவே வேண்டும்.

ஆகவே, அவருக்கு அம்மண்டபத்தில் ஒரு நாள் பட்டயம் அமையுமானால், 356 என்னும் எண்ணும் 5,000 டாலர் என்னும் எண்ணும் அதில் ஒருங்கே பொறிக்கப்பட வேண்டும் என்போம். எழுத்தறியாதவராய் வாழ்ந்து, தம்மால் படிக்க இயலாத தாள்களால் அலைக்கழிக்கப்பட்ட அம்மனிதருக்கு நாம் செலுத்தும் மரியாதை, அவரைப் பற்றி எழுதப்படுவது உண்மையாக இருத்தலேயாகும்.

கிரீன்வில் நகரில் அவர் வாழ்ந்து மறைந்த சிறு வீடு இன்று அருங்காட்சியகமாக விளங்குகின்றது. அதற்கு இடப்பட்ட கதவு எண் 356. பஞ்சாலைத் தூசியில் பள்ளியை இழந்த அவ்வீரரின் கதையைப் படிக்கும் நம் மாணவச் செல்வங்கள், தாம் கையொப்பமிடும் ஒவ்வொரு தாளையும் தாமே படித்தறியும் கல்வியையும், தகாத பணம் நீட்டப்படும்போது கையை மடக்கிக்கொள்ளும் உறுதியையும் ஒருசேரப் பெறுவார்களாக!