கப்பலில் கணக்குப் போட்ட சந்திரசேகர்

சர் சி.வி. ராமனை நமக்கெல்லாம் தெரியும். அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகரைத் தெரியுமா? 1910 அக்டோபர் 19-ல் லாகூரில் பிறந்தார். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. படித்தது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, பிறகு சென்னை மாநிலக் கல்லூரி.

1930-ல் மேல்படிப்புக்காக பம்பாயில் கப்பல் ஏறினார். வயசு 19. கடலைப் பாத்துக்கிட்டு சும்மா உக்காரலை. எரிஞ்சு தீர்ந்த நட்சத்திரம் என்ன ஆகும்னு கணக்குப் போட்டார். எடை ஒரு எல்லைக்குள் இருந்தால் வெண்குள்ளனாகச் சுருங்கி நின்றுவிடும். எல்லையைத் தாண்டினால் நிற்காது, சுருங்கிக்கொண்டே போகும். அந்த எல்லை சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு. இன்னைக்குக் கருந்துளைன்னு சொல்றோமே, அதுக்கு வழி காட்டினது இந்தக் கணக்குதான்.

1935 ஜனவரி 11. லண்டனில் வானியல் அறிஞர்கள் சபையில் இதைச் சொன்னார். அடுத்து எழுந்தவர் எடிங்டன். அந்தக் காலத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. கணக்கு எதுவரைக்கும் வந்திருக்குன்னு சந்திரசேகரிடம் அடிக்கடி வந்து விசாரிச்சவரும் அவர்தான். அவரே எல்லார் முன்னாடியும் கேலி பண்ணினார். சபை சிரிச்சது. 24 வயசுக்காரருக்கு எப்படி இருந்திருக்கும்! பெரிய விஞ்ஞானிகள் சிலர் தனியா, கணக்கு சரின்னாங்க. வெளியே சொல்ல ஒருத்தரும் வரலை.

சந்திரசேகர் 1937-ல் அமெரிக்கா போய் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வேறு ஆராய்ச்சிகளில் இறங்கினார். எடிங்டனோடு நட்பை மட்டும் விடவில்லை. (எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்!) 1983-ல் நோபல் பரிசு, அதுவும் 73-வது பிறந்தநாளில் அறிவிப்பு. 1995-ல் காலமானார்.

சில கேலக்ஸிகளின் நடுவில், பல லட்சம் சூரியன்கள் எடை முதல் பல கோடி சூரியன்கள் எடை வரை உள்ள கருந்துளை இருக்கு. அதுக்குள்ள விழப்போகிற வாயு சுத்திச் சுத்தி பயங்கரமா சூடாகி எக்ஸ்ரே வீசும். நம்ம காத்துமண்டலம் அதைத் தடுத்துரும். சங்கு எடுக்க நம்ம ஊரு அண்ணன்மார் கடலுக்கடியில் இறங்குவாங்க. எக்ஸ்ரேயைப் பிடிக்க காத்துக்கு மேல ஏறணும். 1999 ஜூலை 23-ல் கொலம்பியா விண்கலம் ஓர் எக்ஸ்ரே தொலைநோக்கியைக் கொண்டுபோச்சு. அதுக்குப் பேர் வைக்க நாசா நடத்தின போட்டிக்கு 6,000 கடிதம் வந்ததாம். ஜெயிச்ச ரெண்டு பேரில் ஒருத்தர் பள்ளி மாணவர். பேர்: சந்திரா. அமெரிக்காவில் சந்திரசேகரை அப்படித்தான் கூப்பிடுவாங்க.

1 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிற சென்டாரஸ் ஏ கேலக்ஸியின் நடுவிலிருந்து பீய்ச்சி அடிக்கிற நீண்ட எக்ஸ்ரே தாரையை சந்திரா படம் பிடிச்சிருக்கு.