வெள்ளியைத் தேடி வந்தவர்

வெள்ளி தென்திசை ஏகினால் மழை பொய்க்கும் என்று சங்கப் புலவர் அஞ்சினர். அசுரர்க்குக் குருவாகிய ஒற்றைக்கண் சுக்கிரன் என்று புராணம் அதனையே உருவாக்கிற்று. அந்த ஒரு கோளுக்காகப் பதினோராண்டுகளைக் கடலிலும் கரையிலும் கழித்த பிரெஞ்சு வானியலார் ஒருவர், குடிகாட்டுக்கு வடக்கே ஒருநாள் நடைத் தொலைவிலுள்ள புதுச்சேரியில் தோற்று நின்றார். அவர் பெயர் கியோம் லெ ஜென்டில்.

1725இல் நார்மண்டியின் கூத்தான்ஸ் நகரில் பிறந்தவர். சமயக் கல்வி பயிலப் பாரிசு சென்றவரை வானியல் ஈர்த்துக்கொண்டது. 1753இல் அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார். சூரியனின் முகத்தை வெள்ளி கடந்து செல்லும் காட்சியை உலகின் பல மூலைகளிலிருந்து அளந்தால், சூரியன் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று கணக்கிடலாம். அக்காட்சி 1761இலும் 1769இலும் நிகழவிருந்தது. அவற்றை விட்டால் அடுத்தது 1874இல்தான்.

1760 மார்ச்சில் கப்பலேறினார். மொரீசியசில் மாதங்கள் கழிந்தன. மறுபடி புறப்பட்டு மலையாளக் கரையை நெருங்கியபோதுதான், 1761 சனவரியிலேயே புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்ட செய்தி கிடைத்தது. கப்பல் திரும்பியது. சூன் 6ஆம் நாள் நடுக்கடலில் வெள்ளியைக் கண்டார். எனினும் ஆடும் தளத்தில் எடுத்த அளவு எதற்கும் உதவவில்லை. ஊர் திரும்பாமல் எட்டாண்டுகள் காத்திருக்கத் துணிந்தார். இடையில் மடகாஸ்கர்க் கரையை வரைபடமாக்கினார், மணிலாவுக்கும் சென்றார். 1768 மார்ச்சில், பிரெஞ்சுக்காரரிடம் மீண்டிருந்த புதுச்சேரியில் இறங்கினார். இடிந்த கோட்டையின் எச்சத்தின்மீது அவருக்கு வானாய்வுக்கூடம் எழும்பியது. நேற்றைய பகைவராகிய சென்னை ஆங்கிலேயர் தொலைநோக்கி ஒன்றை அனுப்பி உதவினர்.

கவிஞர்களாகிய நமக்கு இக்காத்திருப்பின் இடைவேளைதான் முதன்மையானது என்பேன். தமிழ்க் கணியர் ஒருவரிடம் அவர் நம் வானக் கணிதத்தைக் கேட்டறிந்தார். தாளும் எழுதுகோலும் இல்லை. சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வந்த வாய்பாடுகளைக் கொண்டு கிரகணம் கணிக்கப்பட்டது. நம் வாக்கியப் பஞ்சாங்க மரபில் நிலவின் இருப்பு 248 வாக்கியங்களில் அடங்குகிறது; எழுத்துகளே எண்களாக நிற்கின்றன. யாப்பு கற்றோர் இதனைக் கேட்டு வியவார்! நிலவை விழுங்கும் ராகு இக்கணக்கில் பாம்பன்று. நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் புள்ளி. கதையும் கணக்கும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொண்டன. ஒன்று மற்றொன்றைக் கெடுக்கவில்லை. 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணக்கு 41 வினாடிகள் குறைத்துக் காட்டியது. ஐரோப்பாவின் புகழ்பெற்ற மேயர் அட்டவணையோ 68 வினாடிகள் கூட்டிக் காட்டியது. இதை லெ ஜென்டில் மறைக்காமல் பதிவு செய்தார். ஆயினும் தம் ஆசானின் கல்வியை, பொருளறியாது ஓதும் பழக்கமென்றே அவர் எண்ணினார். அவ்விடத்தில் அவர் பார்வை குறுகியதே.

1769 சூன் 4. முன்னிரவு வானம் தெளிவாகவே இருந்தது. விடியலில் காற்றெழுந்து மேகம் மூடிற்று. வெள்ளி கடந்து முடியும்வரை சூரியன் தோன்றவில்லை. முடிந்த சற்று நேரத்தில் பளிச்சென்று வெளிப்பட்டது. அவர் விட்டுவந்த மணிலாவிலோ வானம் தெளிந்திருந்தது. இரு வாரங்களுக்கு மேல் எழுதுகோலைத் தொடவும் அவருக்கு மனம் வரவில்லை.

நோயுற்று, புயலில் அலைப்புண்டு, 1771 அக்டோபரில் தாயகம் சேர்ந்தபோது அவர் இறந்தவராகவே கருதப்பட்டிருந்தார். உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். கழகத்தில் அவர் இருக்கை பிறர்க்குப் போயிருந்தது. வழக்காடினார், இருக்கை மீண்டது. மணந்து, மகளொருத்தியைப் பெற்றார். 1779இலும் 1781இலும் தம் பயண நூலை இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். நம் கரையின் சோழிக் கணக்கு அவற்றில் இடம்பெற்றது. 1792 அக்டோபரில் பாரிசில் காலமானார்.